ஒரு டேங்குக்கு இரண்டு வெள்ளிக்கிழமை

பெட்ரோல் காலனுக்கு ஐந்து டாலரைத் தொட்ட வாரம், டார்லா தன் வேனை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவெடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஹெர்ஷ்பெர்கர் தம்பதி வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லும்போதுதான் வாய் வரமாட்டேன் என்றது.

"வெர்னா, மென்னோ, ரெண்டு பேரும் கேளுங்க. இந்தப் பிசாசு குடிக்கிற குடிக்கு என்னால ஊத்தி மாளல. மைலுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேட்டா நீங்க கொடுத்துடுவீங்க, தெரியும். எனக்குத்தான் கேக்க மனசு வரல. வித்துடலாம்னு இருக்கேன்."

பதினொரு வருடமாக டார்லாவுக்கு இதுதான் பிழைப்பு. ஆமிஷ் என்கிற பழமையான கிறிஸ்தவப் பிரிவு ஜனங்கள் கார் வைத்துக்கொள்ளமாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள், சபை விடாது. அடுத்தவர் ஓட்டினால் ஏறி உட்காருவதற்குத் தடையில்லை. அந்தச் சந்தில்தான் டார்லா மாதிரி ஆட்களுக்கு ஒஹாயோவின் இந்த மூலையில் சோறு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வெர்னாவையும் அவள் முட்டைகளையும் கிளீவ்லண்ட் பக்கத்துச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவாள். முட்டைத் தட்டு தூக்க மென்னோ கூட வருவான். அவன் முன் சீட், வெர்னா பின் சீட்.

வெர்னா தட்டைக் கீழே வைத்தாள். "உங்களைக் கஷ்டப்படுத்தி நாங்க போக வேணாம், டார்லா. உங்களை மாதிரியே வண்டி ஓட்டற லாயிட் ஒரு குட்டிக் கார் வாங்கியிருக்கார். பாதி பேட்டரியில ஓடுமாம். நானும் முட்டையும் மட்டும்னா வரேன்னு சொன்னார்."

"அப்ப மென்னோ?"

"அதுல அவனுக்கு எடமில்ல. தட்டு தூக்கச் சந்தையிலேயே ஆள் கிடைக்கும்."

மென்னோ எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிற ஆள். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வான். அன்றைக்கு யாரும் கேட்காமலே வாயைத் திறந்தான்.

"நாலு வெள்ளிக்கிழமை கொடுங்க."

"எதுக்கு?"

"வேன் குடிக்கல, டார்லா. நீங்கதான் ஊட்டி விடறீங்க. மிரண்ட குதிரையை ஓட்டற மாதிரி ஓட்டறீங்க. நான் சொல்ற மாதிரி ஓட்டுங்க. ஒரு டேங்க் ரெண்டு வெள்ளிக்கிழமைக்கு வரும்."

இப்போதெல்லாம் முழு டேங்கோடு போய்த் திரும்பும்போது பெட்ரோல் முள் பாதிக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்துவிடுகிறது. நாலாவது வெள்ளி இதே வாசலில் திரும்பி வந்து நிற்கும்போது முள் பாதியில் நிற்க வேண்டும்; நின்றால் வேனை விற்கக்கூடாது. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் வெர்னாவை லாயிட் காரில் தானே ஏற்றிவிடுவதாக மென்னோ சொன்னான்.

நாற்பத்தைந்து வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிற பெண்பிள்ளைக்கு, ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன் ஓட்டச் சொல்லித் தருகிறான். டார்லாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது குறுகுறுப்பு. ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற சுபாவம் அவளுக்கு. ஊரில் யார் வீட்டுக் கொடியில் புதுச்சட்டை காய்ந்தாலும் யாருடையது என்று தெரிந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

"சரி ராசா. உன் வித்தையையும் பாத்துடறேன்," என்றாள்.

மென்னோ முதல் வேலையாக வேனின் கடைசி இரண்டு வரிசை சீட்டுகளைக் கழற்றித் தன் கொட்டிலில் அடுக்கினான். பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி உட்கார்ந்து, குதிரையின் குளம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "பின்னாடி ரெண்டுலயும் காத்து கம்மி. லாடம் கழண்ட குதிரை எவ்வளவு தூரம் இழுக்கும்?" டார்லா காற்றடித்துக்கொண்டாள், டேங்கையும் நிரப்பிக்கொண்டாள்.

சாலையில் அவன் அதிகம் பேசவில்லை. தூரத்துச் சிவப்பு விளக்குக்கு இங்கேயே காலை எடுக்கச் சொன்னான். மேட்டைப் பார்த்ததும் மிதிக்காமல், மேட்டுக்கு முன்னாலேயே கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். பெரிய சாலையில் ஐம்பத்தைந்துக்கு மேல் போகவிடவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தபோது, "அவங்க பெட்ரோல், அவங்க பாடு," என்றான்.

சந்தையில் வெர்னா தட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். உடைந்த முட்டையை அவள் மறைத்து விற்கமாட்டாள். கீறல் விட்டதைத் தனியாக எடுத்து வைத்து, இது கீறல் என்று ஒரு அட்டையில் தன் கையாலேயே எழுதி வைப்பாள். வழக்கமாக அந்தத் தட்டில் ஒரு டஜனாவது சேரும்.

"இன்னிக்கு நாலுதான்," என்றாள்.

அன்று திரும்பும்போது முள் பாதிக்குக் கீழேதான் நின்றது. ஆனால் ஒரு விரல் இல்லை, அரை விரல்.

இரண்டாவது வெள்ளி, ஒரு நீண்ட மேட்டில் வேன் முனகிக்கொண்டு ஏறும்போது மென்னோ, "கொஞ்சம் லேசா விடுங்க, இப்ப கியர் மாறும்," என்றான். டார்லா காலைத் தளர்த்தினாள். கியர் மாறியது. வேன் பெருமூச்சு விட்டாற்போல் இலேசாகிவிட்டது.

"மென்னோ, குதிரைக்கு ஏதுப்பா கியரு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்தான். "சத்தம் கேக்குதுல்ல," என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். பின் சீட்டில் வெர்னா ஏற்கெனவே எண்ணிய தட்டுகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

டார்லாவுக்கு அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. குதிரைக்காரனுக்கு மேடு தெரியலாம், பள்ளம் தெரியலாம். கியர் மாறப்போவது மாறுவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? அந்த வாரம் முழுக்க, பாத்திரம் கழுவும்போதும் அவளுக்கு அதே யோசனைதான்.

மூன்றாவது வெள்ளி அவள் சாலையோடு சேர்த்து மென்னோவையும் கவனித்தாள். கை இரண்டும் தொடைமேல் கிடந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் கீழே போனபோதுதான் பிடிபட்டது. அவனுடைய வலது கால்.

கறுப்பு பூட்ஸ் போட்ட அந்தக் கால் வேன் தரைமேல் சும்மா இல்லை. ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பயத்தில் தரையை அழுத்துவது டார்லாவுக்குப் புதிதில்லை. அப்படி எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறாள். ஆனால் பயந்தவன் கால் பிரேக் மட்டும்தான் போடும். இந்தக் கால் பெட்ரோலும் கொடுத்தது. மேட்டுக்கு முன்னால் மெல்ல அழுந்தியது, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்தது, விளக்கைப் பார்த்ததும் குதிகாலை ஊன்றியபடி இடப்பக்கம் திரும்பிப் பதமாக மிதித்தது. டார்லாவின் கால் செய்ய வேண்டியதை அது எப்போதும் ஒரு நொடி முன்னால் செய்துகொண்டிருந்தது.

சந்தையில் மென்னோ காலித் தட்டுகளை எடுக்கப் போன நேரம் பார்த்து அவள் வெர்னாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உம் புருஷன் இதுக்கு முன்னாடி கார் ஓட்டியிருக்கானா இல்லையா? உண்மையைச் சொல்லு."

வெர்னா ஒரு முட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சபையில சேர்றதுக்கு முன்னாடி பசங்க கார் வெச்சிருந்தாலும் அதிகம் கேக்கமாட்டாங்க, உங்களுக்குத்தான் தெரியுமே. மரமில்லுல ரெண்டு வருஷம் வேலை பாத்து ஒண்ணு வாங்கினான். பச்சைக் கலரு. எங்கப்பா கொட்டிலுக்குப் பின்னாடி கொண்டாந்து நிறுத்துவான். சத்தம் போடாம எப்படி வருவான்னு எங்க யாருக்கும் புரியாது."

"அப்புறம்?"

"சபையில சேர்ந்தாத்தான் கல்யாணம், நான் ரொம்ப நாள் காத்திருக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்னா புதன்கிழமை வித்தான். வித்த காசுல குதிரை வாங்கினான். ரெண்டு வருஷம் அந்தக் குதிரைக்குப் பேரே வைக்கல. 'ஏ குதிரை'ன்னுதான் கூப்பிடுவான்."

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"சபைக்குத் தெரிஞ்சா ஏதாவது சொல்வாங்களா, அந்தக் காலைப் பத்தி?"

"கார் வெச்சிருக்கானா? இல்ல. ஓட்டறானா? இல்ல. காலை அசைக்கக் கூடாதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல." வெர்னா முட்டையைத் தட்டில் வைத்தாள். "அவன்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, டார்லா. கேட்டீங்கன்னா அடுத்த வாரம் பின்னாடி வந்து உக்காந்துக்குவான். வாரத்துல அவனுக்கு இருக்கறது இந்த ஒரு முன் சீட்டுதான்."

"அப்புறம் என்னத்துக்கு லாயிட் காரை இழுத்தே?"

"உங்களுக்குக் கஷ்டமேன்னுதான். சொன்ன நிமிஷமே அவன் மூஞ்சியைப் பாத்தேன். சொல்லியிருக்கவே கூடாது."

திரும்பும் வழியில் டார்லா ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு எண்பது மைல் ஓட்டுவது அவளுக்கு அதுவே முதல் தடவை. முள் அன்று பாதிக்கோட்டை ஒட்டினாற்போலக் கீழே நின்றது.

நாலாவது வெள்ளி காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முட்டை ஒன்றுகூடக் கீறவில்லை. எழுத வேலையில்லாமல் வெர்னா அட்டையைத் திருப்பி வைத்தாள். வில்லங்கம் சாயங்காலம்தான் வந்தது. திரும்பும் வழியில் சாலை வேலை. இரண்டு தடத்தை ஒன்றாக்கிவிட்டிருந்தார்கள். முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வண்டி.

"அணைச்சுடுங்க," என்றான் மென்னோ.

ஜூன் மாத வெயிலில் ஏசி இல்லாமல் மூன்று பேரும் வெந்தார்கள். வெர்னா காலித் தட்டால் விசிறிக்கொண்டாள். முன்னால் பத்தடி நகர்ந்தால் எஞ்சினைப் போடுவதும், அணைப்பதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று. கூட்டம் விலகியபோது முள் பாதிக்கோட்டுக்கு அரை விரல் மேலே நின்றது. வீட்டுக்கு இன்னும் இருபது மைல்.

மென்னோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கடைசி ஏழு மைல்தான் பொல்லாதது. மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த முதல் மேட்டடியில் டார்லா முள்ளை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். தோற்றால் வேன் போய்விடும் என்பதைவிட, அந்தக் கறுப்பு பூட்ஸ் வெள்ளிக்கிழமைகளில் கொட்டிலில் சாணி மிதித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் அவளை வாட்டியது.

"மென்னோ, இதுக்கு மேல எனக்குக் கணக்கு புரியல. நீ வாயால சொல்லு. நான் காலை மட்டும் வெச்சிருக்கேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின் சீட்டில் வெர்னா விசிறுவதை நிறுத்தினாள்.

"கொடுங்க," என்றான் மென்னோ. கொஞ்சம் பொறுத்து, "இன்னும் கொஞ்சம். போதும். அப்படியே பிடிச்சுக்குங்க. இப்ப விடுங்க."

உச்சிக்கு வருமுன்பே விட்டாள். நின்றுவிடும் என்று நினைத்த வேன் தவழ்ந்து உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது. பள்ளத்தில் யாரோ ஒருவரின் குதிரை வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. டார்லாவின் கால் பிரேக்குக்குப் போயிற்று. "வேணாம், அவர் பாலத்துகிட்ட திரும்பிடுவார். விட்டுப் பிடிங்க," என்றான். அவர் திரும்பினார். ஓரக்கண்ணில் இரண்டு கால்கள் தெரிந்தன, ஒன்று ரப்பர் செருப்பு, ஒன்று கறுப்பு பூட்ஸ். இரண்டும் சேர்ந்தே அழுந்தின, சேர்ந்தே எழுந்தன. அந்த ஏழு மைலும் வேனை ஓட்டியது யார் என்று சபை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் டார்லாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. மென்னோவின் குரல் வரவர மெலிந்து, கடைசி மேட்டில் காதில் விழாத அளவுக்குப் போய்விட்டது. அதற்குள் அவளுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

ஹெர்ஷ்பெர்கர் வீட்டு வாசலில் வேன் நின்றது. டார்லா எஞ்சினை அணைக்காமல் முள்ளைப் பார்த்தாள். மென்னோவும் சாய்ந்து வந்து பார்த்தான். அவன் ஆற அமரப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"கீழ," என்றான். "மயிரிழைதான். ஆனாலும் கீழதான். லாயிட்கிட்ட நானே சொல்லிடறேன்."

டார்லா எஞ்சினை அணைத்தாள். அந்த நேரம் பின்னாலிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"இங்கேருந்து பாத்தா மேலதான் தெரியுது."

வெர்னா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முள் தெரியாது. முள் இருக்கிற பலகையே தெரியாது. நடுவில் டார்லாவின் தோளும் ஸ்டியரிங்கும் இருந்தன. மயிரளவு கீறல் விட்ட முட்டைக்குக்கூட அட்டை எழுதி வைக்கிற வெர்னா, கையை மடியில் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

டார்லா கண்ணாடியில் அவளையே ஒரு கணம் பார்த்தாள்.

"பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குத்தான் எப்பவும் சரியாத் தெரியும்," என்றாள். "அடுத்த வெள்ளி அஞ்சரைக்கு வரேன். பெட்ரோல் போடாமத்தான் வருவேன். வழியில நின்னுச்சுன்னா தள்றது நீதான், மென்னோ."

மென்னோ திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வெர்னா கதவைத் திறந்து இறங்கி, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அவன் இறங்கவில்லை. டார்லாவும் இறங்கச் சொல்லவில்லை. எஞ்சின் எப்போதோ அடங்கிவிட்டது. அவனுடைய வலது கால் இன்னும் அந்த இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.