தொண்ணூற்றேழாம் பக்கம்

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஸ்ரீதரின் டிடிபி கடையில் சுதா சேர்ந்து நான்கு வருடம். கல்யாணப் பத்திரிகை, டெண்டர் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எதையும் பக்கம் கட்டிக் கொடுத்துவிடுவாள். முழுப் புத்தகம் என்று வந்தது 2011 ஜூன் மாதத்தில்தான். ஓய்வுபெற்ற அதிகாரி பக்தவத்சலம் தாமே போட்டுக்கொள்ளும் சுனாமி நினைவுகள். நூற்று அறுபது பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒன்றாகச் சரியாகப் பத்து ஃபாரம் என்று சிவகாசி அச்சகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரம் ஏறும்.

சுதாவும் அந்த அலைக்குத் தப்பியவள்தான். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, கட்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். புருஷனை அலை கொண்டுபோனது. மூன்று வயது மகன் அன்பழகனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கு ஓடினாள். மூன்றாம் நாள் வந்த படகில் நோயாளிகளுக்கு மட்டும்தான் இடம். காய்ச்சலில் துவண்டு கிடந்த பிள்ளையை, முகத்தில் துணி கட்டியிருந்த ஓர் அதிகாரி கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு என்றார். இரண்டு நாள் கழித்து இவள் கப்பலில் போர்ட் பிளேர் வந்து தேடியபோது எந்த வார்டிலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று நம்பத் தொடங்கினாள். பஸ்ஸில் சீருடைப் பையன்கள் ஏறினால் மனம் வயதைக் கூட்டிப் பார்க்கும். இப்போது ஒன்பது முடிந்திருக்கும்.

ஏழாம் அத்தியாயத்தைப் பக்கத்துக்குள் ஓடவிட்டபோது, கடைசியில் மூன்று வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. எதைக் குறைக்கலாம் என்று பார்க்கத்தான் படித்தாள்.

'கட்சலில் ஒரு தாய், இறந்த குழந்தையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லி வாங்கினேன். கரை கண்ணுக்கு மறைந்ததும் கடலில் விட்டோம். நாடி பார்த்தேனா என்பது இன்றுவரை நினைவில்லை.'

சுதா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து இன்னொரு முறை படித்தாள்.

மறுநாள் காலை பக்தவத்சலம் ப்ரூஃப் பார்க்க வந்தார். வழிந்த வரிகளைக் காட்டினாள்.

"மூணு வரிதானேம்மா? அந்தக் குழந்தை, நாடி சமாச்சாரமும் மூணு வரிதான், அதைத் தூக்கிடு. அதுவே ஒரு மாதிரி இருக்கு."

"சார், அந்தப் புள்ள செத்துத்தானே போயிருந்திச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. லேசா முனகிட்டுதான் இருந்தது. படகுல பதினோரு பேர். படகுக்காரன் பார்த்துட்டு 'கதம் ஹோ கயா சாப்'னான், முடிஞ்சுபோச்சுன்னு. நானும் சரின்னுட்டேன். எப்படியும் பிழைச்சிருக்காது. இதையெல்லாம் புத்தகத்துல போட முடியுமா, சொல்லு?"

சுதா மவுஸை எடுத்து அந்த மூன்று வரியைத் தேர்வு செய்தாள்.

"கீழே ஒரு டீ சொல்லிட்டு வா. சர்க்கரை கம்மியா."

போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வரியையும் எடுத்தாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சிவகாசிக்கு அனுப்பிடு" என்று கிளம்பினார்.

அவர் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் அந்த மூன்று வரியை மறுபடியும் ஒட்டினாள். கீழே தானாக ஒரு வரி சேர்த்தாள். 'குழந்தை முனகிக்கொண்டிருந்தது. அதன் பெயர் அன்பழகன், வயது மூன்று.' தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு இரண்டு பக்கத்திலும் வரி இடைவெளியை ஒரு புள்ளி குறைத்ததும் எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது. நூற்று அறுபது பக்கம் மாறவில்லை. அனுப்பிவிட்டாள்.

ஆகஸ்டில் கப்பலில் ஐந்நூறு பிரதிகள் வந்தன. பக்தவத்சலம் கடையிலேயே ஒரு கட்டைப் பிரித்து, நின்றபடி புரட்டினார். ஏழாம் அத்தியாயத்தில் கை நின்றது.

"யாரு இந்த அன்பழகன்?"

"என் மகன் சார்."

ஸ்ரீதர் நாற்காலியை விட்டு எழுந்தான். பக்தவத்சலம் அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"அப்போ நீதானா அது," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ஸ்ரீதரிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை விழா. மறுபடி அடிக்க நேரமில்லை. அந்தத் தாள் ஒண்ணை மட்டும் எல்லாத்திலும் வெட்டி எடுத்துடலாம். பிளேடு குடு, நானே வெட்டறேன்."

ஸ்ரீதர் பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்து நீட்டினான். அவர் வாங்குவதற்குள் சுதா பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க தொடாதீங்க. நானே எடுக்கிறேன்."

இன்னொரு தடவை அவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். ஸ்கேலை முதுகோடு ஒட்டி வைத்து, பிளேடை ஒரே இழுப்பாக இழுத்து, ஒவ்வொரு தாளாக எடுத்தாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்தவத்சலம் எண்ணிக்கொண்டே வந்தார். இருநூறைத் தாண்டும்போது அவள் விரல் வெட்டுப்பட்டது.

"பாத்தும்மா," என்றார் அவர். "அட்டையில ரத்தம் பட்டுடப் போகுது."

மாலைக்குள் ஐந்நூறும் முடிந்தது. தாள்களைக் கேட்டார். அவள் மார்போடு அணைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றாள். "பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி பண்ணாதே சுதா, குடுத்துடு" என்று ஸ்ரீதர் கையை விலக்கி வாங்கிக் கொடுத்தான். கடைக்குப் பின்பக்கம், குப்பை எரிக்கும் இடத்தில், அவரே நின்று கொளுத்தினார்.

விழாவில் யாரோ தொண்ணூற்றாறுக்கு அடுத்து தொண்ணூற்றொன்பது வருகிறதே என்று கேட்டார்களாம். டிடிபி பெண்ணின் கவனக்குறைவு என்று மேடையிலேயே சொன்னாராம். எல்லாரும் சிரித்தார்களாம். திங்கட்கிழமை ஸ்ரீதர்தான் வந்து சொன்னான். கையில் இரண்டு போட்டோ வைத்திருந்தான். இரண்டிலும் பக்தவத்சலம் சால்வையோடு நின்றார்.

"ரெண்டாம் பதிப்பு போடறாராம். அந்த ரெண்டு பக்கத்துல இதை வெச்சுடு. ஜல்தி."

சுதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவன் அதைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தானே வைத்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.