இன்னும் தொடங்காத சான்றிதழ்

பதினோரு மணிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பத்து நாற்பதுக்குத் துறையின் மடிக்கணினி, பல்கலைக்கழக வைஃபைக்குள் நுழையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சுடலைவடிவுக்கு இது ஏழு வருடத்துப் பாடு. கொற்கையில் குழி குழியாகத் தோண்டி, சேற்றில் சிப்பி பொறுக்கி, கடல் எந்தக் காலத்தில் அந்த ஊரைவிட்டு விலகிப் போனது என்று கண்டு எழுதியிருந்தாள். கேள்வி கேட்க வேண்டிய வெளித்தேர்வாளர் கோவாவில் காத்திருந்தார். பன்னிரண்டரைக்கு ஆய்வுக் கப்பல் ஏறிவிட்டால் அந்த அம்மையாரை இருபது நாளைக்குப் பிடிக்க முடியாது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி வேலை கொடுத்திருந்தது. தேர்வு முடிந்ததற்கான சான்றை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தது. இன்று புதன்.

"எம் போன்ல நெட்டு இருக்கு சார். அதுல போட்டுருவோமா?"

துறைத்தலைவர் பேராசிரியர் முனைவர் தாணுமாலையன் நிமிர்ந்தார். "ஏம்மா, துறைக் கணினியில, பாதுகாக்கப்பட்ட நெட்வொர்க்லதான் தேர்வு நடக்கணும்னு விதி எழுதுனதே நான்தான். நானே மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

அந்த விதி நான்கு பக்கம். அதில் 'பாதுகாக்கப்பட்ட' என்ற சொல் பதினேழு முறை வரும். எதிலிருந்து பாதுகாக்க என்பது மட்டும் ஓரிடத்திலும் வராது.

கணினி மையத்திலிருந்து ஹெப்ரான் வந்தான். தொகுப்பூதியக்காரன், ஆறு வருடமாகப் பல்கலைக்கழகம் முழுவதையும் இணையத்தில் இணைத்துக்கொண்டிருப்பவன், அவன் வேலையைத்தான் இன்னும் யாரும் நிரந்தரத்தில் இணைக்கவில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்தில் கணினித் திரை மொத்தமும் அரங்கின் சுவரில் தெரிந்தது. பயனர் பெயர்க் கட்டத்தில் தாணுமாலையன் பேராசிரியரையும் முனைவரையும் முன்னால் போட்டு, பட்டங்கள் மூன்றைப் பின்னால் போட்டிருந்தார்.

"சார், பணியாளர் நம்பர் மட்டும் போதும். இதுக்குப் பட்டமெல்லாம் தெரியாது."

முன்வரிசையில் இருந்த நான்கு ஆசிரியர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது.

நம்பரைப் போட்டார்கள். கடவுச்சொல்லைப் போட்டார்கள். வட்டம் சுற்றியது, இணைக்க முடியவில்லை என்றது. தாணுமாலையன் பொத்தானை இன்னும் அழுத்தமாக அழுத்தினார்.

"எல்லாருக்கும் வருதே, இதுக்கு மட்டும் என்ன கேடு?" என்று ஹெப்ரான் முணுமுணுத்தபடி நெட்வொர்க்கின் சான்றிதழைத் திறந்தான். "வைஃபை நம்மகிட்ட காட்டுத அடையாள அட்டை மாதிரி இது. இதை உங்க கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது சார்."

"கம்ப்யூட்டருக்கு என்னடே நம்பிக்கை? தள்ளிவிட்டுட்டு உள்ள போவே!"

சுடலைவடிவு சுவரருகே போனாள். மணி பத்து ஐம்பத்திரண்டு. பதற்றப்பட வேண்டிய நேரந்தான். ஆனால் குழிக்குள் இறங்கி ஏழு வருடமாகப் பழகிய கண், எழுத்தைக் கண்டால் சும்மா இருக்குமா?

"ஹெப்ரான், சான்றிதழ் காலம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லலையே. இன்னும் தொடங்கலன்னுல்லா போட்டிருக்கு?"

"ஆமாக்கா. செல்லுபடி தொடங்குத நாள் 2025 ஜனவரி ஆறு."

"அது கழிஞ்சு பத்து மாசமாச்சே!"

அவள் கண் திரையின் வலது மூலைக்கு இறங்கியது. மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்கீழே தேதி: 14 ஜூன் 2022.

"உள்ள இருக்க கடிகாரப் பேட்டரி போயிருந்தா மணியும்லா போயிருக்கணும்?" ஹெப்ரான் தலையைச் சொறிந்தான். அமைப்புகளுக்குள் போனான். "தேதி தானா சரியாகுத வசதியை யாரோ கையால நிறுத்தி வச்சிருக்காங்க. யாருக்கு என்ன வேண்டுதலோ!"

தாணுமாலையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவசரமாக அவரே திரையில் அந்த ஜன்னலை மூடப் போக, பின்னால் திறந்திருந்த கோப்பு சுவர் நிறைய விரிந்தது. 'கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, 14 ஜூன் 2022. துறைத்தலைவரின் தொலைநோக்கை உறுப்பினர்கள் ஒருமனதாகப் பாராட்டினர். கலந்துகொண்டோர்...' ஐந்தாவது பெயர் சுடலைவடிவு, ஆய்வாளர் பிரதிநிதி.

அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. நடக்காத கூட்டங்களை எல்லாம் அவர் வரிசையாக நடத்திக்கொண்டிருந்தார். கோப்பின் தேதியும் பழசாக இருக்க வேண்டும் என்று கணினியையே மூன்று வருடம் பின்னால் அழைத்துப் போனவர், திரும்பக் கூட்டிவர மறந்துவிட்டார்.

சுடலைவடிவு மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் கூசிப்போவார். கூசிப்போனவர் கையெழுத்துப் போடுவாரா? மணி பத்து ஐம்பத்தாறு.

"பேட்டரியாத்தான் இருக்கும் சார்," என்றாள்.

"ஆமாமா. பேட்டரிதான். நான் அப்பவே நினைச்சேன்."

ஹெப்ரான் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தேதியைத் திருத்தியதுதான் தாமதம், வட்டம் அரைச்சுற்றுகூடச் சுற்றவில்லை, இணைந்துவிட்டது. கோவா அம்மையாரைக் கூப்பிடும் முன் சுடலைவடிவு குனிந்து, பையச் சொன்னாள்: "எம் பேரை மட்டும் அதுலேருந்து எடுத்துருங்க சார். அந்த ஜூன் பூரா நான் கொற்கையில சேத்துக்குள்ள நின்னேன். என் குறிப்பேட்டுல நாள்வாரியா இருக்கு."

அவர் அவளைப் பார்க்காமலே தலையாட்டினார். பெயர் போயிற்று, சுவரில் எல்லோரும் பார்க்கவே போயிற்று.

கேள்விகள் முக்கால் மணி நேரம் நடந்தன. கடைசியாக அம்மையார் கேட்டார்: பிற்காலத்தில் யாரோ மண்ணைக் கலைத்துப் பழைய அடுக்கு மாதிரி நிரப்பிவைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?

"அதுக்குள்ள பிற்காலத்துப் பொருள் ஒண்ணாவது மாட்டியிருக்கும் மேடம். முழுசா மறைக்க முடியாது. பொறுமையாப் பாக்கணும், அவ்வளவுதான்."

தாணுமாலையன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்து முடித்தார். அம்மையார் தேர்ச்சி என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்கு ஓடினார்.

சான்று மேசைக்கு வந்தது. துறைத்தலைவர் பட்டங்கள் அத்தனையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். தேதிக்கான கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன தேதி?"

சுடலைவடிவு வாயெடுக்குமுன் முன்வரிசை ஆசிரியர்கள் நால்வரும் ஒரே குரலில், வருடத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தத் துறையில் ஒருமனதாக நடந்த முதல் காரியம் அதுதான்.