ஆறட்டும்

துணி தேய்க்கும் கடையில் நாள் முழுக்க நீராவிக்கு முன்னால் நின்றால் யார் முகமும் சிவந்துதான் போகும். அவளுக்குக் கன்னம் தடித்துத் தோலும் உரிந்தது. பக்கத்து மேசையில் துணி மடிக்கும் அக்கா, ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி பார்க்காமல் வாசல் தாண்டாதவள், ஒரு வழி சொன்னாள். கிரீன் டீயை ஊறவைத்து வடிகட்டி, குளித்த முகத்தில் பஞ்சால் ஒற்ற வேண்டும். "சூட்டோட வெச்சுடாதடி. ஆறட்டும். ஆறுனாத்தான் கேக்கும்."

நான்கு மாதமாக எல்லோரும் அவளிடம் சொன்னதும் அதே சொல்தான். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போன பிறகு, டாக்டர் தையலைப் பார்த்துச் சொன்னார், மாமியார் மனசைச் சொன்னார். அவளுக்கு எதுவுமே வலிக்கவில்லை. பிறகு எது ஆறுவது? கணவனோடு பேச்சு, சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது என்பதோடு நின்றுபோயிருந்தது. அவன் பஸ் ஓட்டிவிட்டு வருவான், தானே போட்டுச் சாப்பிடுவான், படுத்துவிடுவான்.

வேலை விட்டு வந்ததும் டீயை டம்ளரில் ஊற்றி, ஜன்னலோரம் மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வந்தால் பாதிதான் இருக்கும். ஏன் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. இருக்கிற பாதி முகத்துக்குப் போதும்.

அன்று குழாயில் தண்ணீர் நின்றுபோனது. நைட்டியை மாட்டிக்கொண்டு, முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தாள். ஜன்னலோரம் அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தான். சரியாகப் பாதியை விட்டு மூடிவைத்த பிறகுதான் அவளைக் கவனித்தான்.

"கசக்கலையா?" என்றாள்.

"கசக்கத்தான் செய்யுது. தெனமும் எனக்கும் சேத்து வெக்கிறியே, எப்படி வேணாம்னு சொல்றது?"

முகத்துக்குப் போடுவது என்று சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் இந்த மனுஷன் இருபது நாளாக அந்தப் பாதி டம்ளரை நம்பித்தான் வீடு திரும்பியிருக்கிறான். அதையும் பிடுங்கிவிட்டால் இருவருக்கும் நடுவில் ஒன்றும் மிச்சமில்லை. கண்ணில் சோப்பு எரிந்தது. எரிவது நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் தேன் கலந்திருந்தாள். அவன் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சூடா இருக்கறது உங்களுக்கு."

"அப்போ அது?"

"அது ஆறணும்."

அவன் தன் டம்ளரை வாயில் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மூடிவைத்த டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மூடியின் ஓரத்திலிருந்து ஆவி இன்னும் கசிந்துகொண்டிருந்தது.