ஒவ்வாமைக்கு நேரே இருந்த காலியிடம்

1

இந்தக் கதை ஒரு மனிதரிடமிருந்து பிறக்கவில்லை, ஒரு கம்ப்யூட்டர் நிரலிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் யாரோ எழுதியது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பெயர் டோக்கன். (கிளினிக்கில் முறைக்காகக் கொடுக்கும் எண் அட்டை அல்ல, இது வேறு.) படித்து முடித்ததும், எழுதியவருக்கு ஒரு முகம் கொடுக்க ஆசை வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பிரிக்பீல்ட்ஸில் மழை கொட்டிக்கொண்டிருந்த மாலையில், ரமணி சன்னலோரம் நின்று…”

வேண்டாம். மழைக்கு இங்கே வேலை இல்லை.

2

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், விளக்காமல் இருக்க என்னால் முடியாது.

நோயாளியின் அட்டையில் “இரத்த வகை: ஓ” என்று ஒரு வரி. இடப்பக்கம் இருப்பது சாவி, வலப்பக்கம் இருப்பது மதிப்பு. வெறும் “ஓ” என்று எழுதிக் கொடுத்தால் இரத்தமா வியப்பா என்று யாருக்குத் தெரியும்? சாவியும் மதிப்பும் பிரிந்துபோகாமல் கட்டிவைத்த சிறு பொட்டலம்தான் டோக்கன். அந்தப் பொட்டலம் எப்படி இருக்க வேண்டும், எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று வகுத்துவைக்கும் அச்சுக்குப் பெயர் கிளாஸ். அச்சு ஒன்று போதும். டோக்கன்களை வார்த்துக்கொண்டே போகலாம்.

“உன் சாவி என்ன?” சொல்லும். “உன் மதிப்பு என்ன?” சொல்லும். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் படித்த நிரல் மூன்றாவதாக ஒன்றுக்கும் பதில் வைத்திருந்தது: “உனக்கு மதிப்பை யாராவது கொடுத்தார்களா?”

எவ்வளவு அழகான கேள்வி! இதற்காகத்தான் கதை.

3

ரமணி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் நிரல் எழுதுகிறவள். ஜெயராஜ் அவளுடைய கூட்டாளி. எழுத வராது, விற்க வரும். கிள்ளானில் ஒரு கிளினிக் தன் பழைய அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருந்தது.

[ரமணியை எதிலும் தவறாதவளாக எழுதியிருந்தேன். நம்பும்படி இல்லை. அடித்துவிட்டேன்.]

அவளுடைய முதல் நிரல், காலியிடம் கண்ட இடமெல்லாம் “இல்லை” என்று காட்டியது. சில அட்டைகளில் “ஒவ்வாமை: இல்லை” என்றே எழுதியிருக்க, பலவற்றில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். தாதி இராஜம்மா எடுத்தார்.

“மிஸ்ஸி, காலியா விட்டிருந்தா இல்லைன்னு அர்த்தமா?”

“சில நேரம் இல்லைன்னு அர்த்தம். சில நேரம் அன்னிக்குக் கூட்டம்னு அர்த்தம்.”

ரமணி போனை வைத்துவிட்டு, அந்த மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லும்படி அச்சையே மாற்றினாள்.

4

ஃபெடரல் ஹைவே ஜாமில் ஊர்ந்து, ஜெயராஜும் ரமணியும் கம்ப்யூட்டரோடு கிள்ளான் வந்து சேர்ந்தார்கள். இயக்கிக் காட்ட அன்று வாய்த்த நோயாளி அய்யாவு, டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்து லோரி டிரைவர். துருப்பிடித்த தகடு கிழித்துக் கால் சீழ் வைத்திருந்தது. டாக்டர் பென்சிலின் ஊசி என்றார். அதைப் பதிய இராஜம்மா கம்ப்யூட்டரில் தட்டினார். திரை நகரவில்லை.

ஒவ்வாமை: இன்னும் கேட்கவில்லை.

“ரமணி, மெஷின் சிக்கிக்கிச்சா?” என்றார் ஜெயராஜ்.

“சிக்கல. கேக்குது.”

“டெமோ அன்னிக்கா கேக்கணும்? மானம் போகுது லா!”

“அண்ணன் ரொம்ப நாளா வர்றவரு,” என்றார் இராஜம்மா. “அட்டையில ஒண்ணும் இல்லையே.”

“இல்லைன்னு எழுதியிருக்கா மிஸ்ஸி, இல்ல எழுதவே இல்லையா?”

இராஜம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த ஊசி எமன் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அண்ணே, எப்பவாச்சும் ஊசி போட்டு ஒடம்பு தடிச்சி, மூச்சு முட்டியிருக்கா?”

“இத யாரும் என்னைக் கேட்டதே இல்லையே, மிஸ்ஸி.”

5

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

“ஆமா” என்றால், ஜெயராஜ் அதைச் சொல்லியே கிள்ளான் முழுக்க வியாபாரம் பிடிப்பார். “இல்ல” என்றால் ஊசி இறங்கும். அய்யாவு நொண்டியபடி வீட்டுக்குப் போவார். கதை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. எதுவானாலும் நிரல் செய்தது சரிதான். நான் அதை வியப்பதும் அதனால்தான்.

ஆனால் அய்யாவுக்கு இரண்டும் ஒன்றல்ல. நான் போகிற போக்கில் தேர்ந்தெடுத்தால், அவரைக் கேட்காமலே ஊசியை எடுத்தவன் ஆவேன்.

அய்யாவு சுற்றும் விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். “சின்ன வயசுல ஒரு தடவ… இருங்க. அது ஊசியா, மாத்திரையா…”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்காருகிறார். “அவசரமில்ல அண்ணே. யோசிச்சே சொல்லுங்க.”

மீதியை உங்களிடம் விடுகிறேன். ஒன்று மட்டும்: அவர் யோசித்து முடிக்கும்வரை நீங்களாக எதையும் நிரப்பிவிடாதீர்கள்.