பத்துக்கு எட்டு

பள்ளியில் அவளை எல்லோரும் ஸ்பீச் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பேச வராத முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு வாரத்தில் அரை மணி நேரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த முப்பத்தெட்டில் ஒருத்தி சிட்டு. ஒன்பது வயது, ஒரு சொல்லும் வாயில் வராது. பன்னிரண்டு படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைச் செய்து, தொட்டுக் காட்டிப் பேச அவளைப் பழக்கினாள் மிஸ். தண்ணீர், பந்து, இன்னும், போதும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். சொல்கிற படத்தைப் பத்துக்கு எட்டு முறை சரியாகத் தொட வேண்டும் என்பது இந்த வருட இலக்கு. சிட்டு எட்டைத் தொட்டுவிட்டாள். மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் பிரின்சிபாலும் சிட்டுவின் அம்மாவும் உட்காரும் கூட்டம். அங்கே காட்ட ஒரு நிமிடம் வெட்டி எடுக்கலாமென்று காலையில் பழைய வீடியோக்களைத் திறந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

திரையில் மிஸ், "பந்து எங்கே?" என்கிறாள். சிட்டுவின் விரல் தானாக எழுந்து 'போதும்' படத்துக்குப் போகிறது. மிஸ்ஸின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பந்துக்கு நகர்த்துகிறது. "வெரி குட்!" நோட்டில் ஒரு டிக். அடுத்து தண்ணீர். விரல் மறுபடியும் 'போதும்' படத்துக்குப் போகிறது, கை மறுபடியும் இழுத்து வருகிறது. எண்ணிப் பார்த்தாள். பதினோரு முறை. அதற்குப் பிந்தைய வீடியோக்களில் விரல் தானாக எங்குமே கிளம்பவில்லை.

இப்படிக் கையும் களவுமாகத் தன்னையே பிடிப்போம் என்று யார் நினைப்பார்கள்? 'கைபிடித்துத் தொட வைத்தது' என்று எழுத முன்னேற்றப் படிவத்தில் கட்டம் இல்லை. முதல் மாதம் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள், பிறகு விட்டுவிட்டாள். வேலைப்பளு என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் பிரின்சிபால் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "இலக்கு முடிஞ்சாச்சு. இனிமே ஸ்பீச் தேவையில்லைன்னு எழுதிடலாம். வரிசையில எத்தனை பிள்ளைங்க நிக்குது!"

"சார், அந்தக் கணக்கு தப்பு. அவ தொடலை. நான்தான் அவ கையைப் பிடிச்சுத் தொட வச்சேன்."

அம்மா நிமிர்ந்தாள். "என்ன மிஸ் இது? நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதானே வீட்லயும் பிடிச்சுப் பிடிச்சுக் காட்டறோம்?"

எட்டைத் தொட்டு நிற்கும் கிராஃப் தாளைப் பிரின்சிபால் மிஸ் பக்கம் தள்ளினார்.

"கிராஃப் உங்களோடது, கையெழுத்தும் உங்களோடது," என்றார் பிரின்சிபால். இப்போது சிரிப்பைக் காணோம். "மாத்தி எழுதணும்னா எழுதுங்க. ஆனா முன்னேற்றம் இல்லைன்னு எழுதினாலும் மேலிடத்துல ஸ்பீச்சை நிறுத்தத்தான் போறாங்க. தெரியும்ல?"

தெரியும். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும். இருந்தும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

வாசல்வரை வந்த அம்மா, குரலே எழும்பாமல் கேட்டாள். "ஒரு தடவைகூட அவளா எதுவும் சொல்லலையா?"

"சொன்னாம்மா. போதும்னு பதினோரு தடவை சொன்னா. நான்தான் கேக்கலை."

அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

படிக்குக் கீழுள்ள அறையில் சிட்டு காத்திருந்தாள். மிஸ் அட்டையை அவள் முன் வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இனிமே பிடிக்க மாட்டேன் கண்ணு. நீ போதும்னா போதும். உடனே நிறுத்திடுவேன். ஒரே ஒரு தடவை சொல்லு."

சிட்டு அட்டையைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை இழுத்தெடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கிவிட்டாள்.

அந்தக் கை எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகுமோ என்று காத்துக்கொண்டு நின்றாள்.