மூன்று பத்துக்கு நின்ற ஊர்

"உங்க அண்ணனா?" என்று யாராவது கேப்டனைக் காட்டிக் கேட்டால், அவருடைய அக்காவுக்கு முதலில் உச்சி குளிர்ந்துபோகும். ஐம்பது வயதில் யாருக்குத்தான் குளிராது? "ஐயோ, தம்பிங்க" என்று இழுத்துச் சொல்வார். கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொள்வார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் அதே அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். தன்னைவிட மூன்று வயது சின்னவன், எப்போது தன்னைத் தாண்டிப் போனான்?

காரணம் கேப்டனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காமல் வைத்திருந்தது வாயை மட்டும் அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

கேப்டன் என்பது இப்போது வெறும் பட்டப்பெயர். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டுவது அவர் வேலை. கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவது, ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவது, மூன்றாவது மாடி வக்கீலின் "என்ன கேப்டன், இன்னிக்கு ஏற்றமா இறக்கமா?" என்ற ஜோக்குக்குத் தினமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பது. ஆனால் ஒரு காலத்தில் அவர் நிஜமான கேப்டன். காலப்படை என்று ஒன்று இருந்தது. நேற்றைக்கும் நாளைக்கும் போய்ச் சண்டை போடுகிற படை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். போர் முடிந்ததும் படையைக் கலைத்தார்கள், காலவண்டிகளைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அதில் ஒன்று பார்க்க லிப்ட் மாதிரியே இருந்ததால் கட்டடத்துச் செயலாளர் மலிவாக வாங்கி மாட்டிவிட்டார். கதவில் இருந்த கீறலை வைத்தே அது தன் வண்டி என்று கேப்டன் கண்டுகொண்டார். மறுநாளே லிப்ட்மேன் வேலைக்கு மனுப் போட்டார். அவர் வாங்கிய வீரப் பதக்கம், அக்கா வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.

லிப்டில் ஐந்து பட்டன்களுக்கு மேலே, நம்பர் இல்லாத பட்டன் ஒன்று உண்டு. "அது என்னது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ரிப்பேர்" என்பதே பதில். வாரத்துக்கு ஒரு நாள், காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கேப்டன் அதை அமுக்குவார்.

அது போய் நிற்கும் இடம் ஒரு சின்ன ஊர். அங்கே எப்போதும் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

போரின் கடைசி நாளில், எதிரிப் பட்டாளம் அந்த ஊரில் பதுங்கியிருக்கிறது, ஒரு மணி நேரம் ஊரை நிறுத்திவை என்று மேலிடத்து உத்தரவு. கேப்டன் சாவியைத் திருகினார். ஊர் அப்படியே நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பனிமூட்டம், காலவண்டி இல்லாமல் உள்ளே யாரும் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. நாற்பதாவது நிமிடத்தில் போர் முடிந்துவிட்டது. கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் ஊரைத் திறக்கச் சொல்லும் உத்தரவை எழுத யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரிய அதிகாரி ஓய்வு பெற்றார், கோப்பு எந்த மேஜைக்கு அடியிலோ போனது. ஒரு வருடம் காத்திருந்துவிட்டுக் கேப்டன் தானே உள்ளே போய்ப் பார்த்தார். வீடு வீடாகத் தேடினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு பட்டாளத்தான்கூட இல்லை. சீருடையில் இருந்தது ஒரே ஒரு போலீஸ்காரர். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே திறந்திருக்கலாம். சாவி சட்டைப்பையில்தான் கிடந்தது. ஆனால் காலப்படையில் ஒரு விதி இருந்தது. நிறுத்தியவனே திறக்க வேண்டும், அதுவும் ஊருக்குள் நின்றுகொண்டு. திறந்த மறு நொடி நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பீரங்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டியவருக்கு அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். அந்த அடுத்த வாரம் இப்படியே பத்து வருடமாகத் தள்ளிப்போனது.

சும்மா இருக்கவும் மனசு கேட்கவில்லை. போகும்போதெல்லாம் அங்கே மூன்று நாள் தங்கி வேலை செய்தார். ஆட்களை அசைக்க முடியாது, பொருள்களை அசைக்கலாம். ஏணியிலிருந்து வழுக்கி அந்தரத்தில் நின்ற வெள்ளையடிப்பவருக்குக் கீழே ஆறு தலையணைகளை அடுக்கினார். பொங்கி வழியப் பார்த்த பாலுக்குக் கீழே அடுப்பைத் திருகி அணைத்தார். வெயிலில் நின்ற கிழவருக்குக் குடை கட்டினார். தெருவைப் பெருக்கினார். எல்லார் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தார். கடைசியில் தையல் கடைக்குப் போய், மெஷின் மிதியில் கால் வைத்தபடி உறைந்திருந்த தையல்காரர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார். அழகாகக் கேட்பார். எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுவரை மனப்பாடம். தையல்காரர் ஒரு தடவையும் குறுக்கே பேசியதில்லை.

பிறகு புறப்பட்ட அதே நிமிடத்துக்குத் திரும்பிவிடுவார். கட்டடத்தில் யாருக்கும் லிப்ட் போனதே தெரியாது. மூன்று நாள் வயது மட்டும் அவரோடு கூட வரும்.

தையல்காரர் கடைச் சுவரில் அவர் மனைவியின் போட்டோ மாட்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அந்தப் போட்டோ லிப்டில் ஏறியது. கேப்டனுக்குக் கை கால் ஓடவில்லை. கட்டடத்தின் தரைத்தளத்தில் புதிதாகத் தையல் கடை போட்ட அம்மா அவர். நாலாவது மாடி ஆபீசுக்குச் சீருடை தைத்துக் கொடுக்க வாரம் இரண்டு முறை ஏறுவார். நாலு மாடிக்குள் முடிகிற கதையா அது? தவணை தவணையாகச் சொன்னார். அன்றைக்கு வாடாமல்லி நிற நூல் தீர்ந்துபோய்விட்டதாம். ஊரில் கிடைக்கவில்லை என்று பக்கத்து ஊருக்கு வாங்கப் போனாராம். திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் பனிமூட்டம்தான் இருந்ததாம். "அந்த நூல்கண்டு இன்னும் என் பையிலதான் இருக்கு கேப்டன்" என்பார். கேப்டன் பட்டனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு மூக்கில் வியர்க்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். ஒரு நாள் தம்பி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க வந்தார் அக்கா. வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு லிப்டுக்குள் போனவன், கதவைச் சாத்தித் திறப்பதற்குள் மூன்று நாள் தாடியோடு வெளியே வந்தான். அக்கா அன்று எதுவும் கேட்கவில்லை. வீட்டில் தலையணைகள் காணாமல் போனது, குடைகள் காணாமல் போனது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். ஏதோ மாடியில் இவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு லிப்டுக்குள் புகுந்து ஸ்டூலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எந்த மாடிக்குப் போறியோ போ. நானும் வரேன்."

"அக்கா, இது ஆபீஸ் நேரம். இறங்கு."

"தூக்கிப் போடு பாக்கலாம்."

தூக்க முடிகிற அக்கா இல்லை. கேப்டன் பெருமூச்சு விட்டு நம்பர் இல்லாத பட்டனை அமுக்கினார்.

ஊரைப் பார்த்ததும் அக்கா ஐந்து நிமிடம் வாயடைத்துப் போனார். அவர் வாழ்நாளில் அது ஒரு சாதனை. கேப்டன் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அக்கா தெருவில் நடந்தார். வெள்ளையடிப்பவருக்குக் கீழே தன் வீட்டுத் தலையணைகளை அடையாளம் கண்டார். பெருக்கிய வாசல்களைப் பார்த்தார். பளபளவென்று அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்ததும்தான் அவருக்குப் பேச்சு திரும்பியது.

"அடப்பாவி! வீட்ல ஒரு டம்ளரைக் கழுவி வச்சிருப்பியாடா நீ?"

"அக்கா, நான் என் பாவத்துக்கு..."

"பாவத்துக்குப் பாத்திரம் தேய்ச்சா சரியாப் போச்சா? ஏன் இன்னும் தொறக்கல?"

"ரிப்பேர்."

அக்கா அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை வெளியே எடுத்தார். சின்ன வயதில் திருடித் தின்ற மிட்டாயை எடுத்த அதே லாகவம். "இதுவா ரிப்பேர்? நீதான்டா ரிப்பேர்."

கேப்டன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்க என்னைக் கேப்பாங்கக்கா. நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. இவரைப் பாரு." தையல்காரரைக் காட்டினார். "முப்பத்தஞ்சு வயசுல அப்படியே இருக்கார். கீழ கடையில இருக்கற அந்தப் பொண்ணுக்கு நீ ஒத்திப்போடற ஒவ்வொரு வாரமும் ஒரு வாரம் போகுது. அது உனக்கு உறைக்கலையா?"

உறைத்தது. இத்தனை வருடம் ஊரை நிறுத்தியதற்குத்தான் அழுதார். நிறுத்தியபடியே வைத்திருந்ததும் அதே குற்றம்தான், அதையும் வாரா வாரம் புதிதாகச் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவர் நெஞ்சில் ஏறியது.

திரும்பியதும் தையல்கார அம்மாவை லிப்டில் ஏற்றினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். கதவைப் பார்த்தபடி சொன்னார். அவர் மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பில் ஒரு வரிகூட அப்போது வரவில்லை. "உங்க ஊரை நிறுத்தினது நாந்தாம்மா. சாவி என்கிட்டதான் இருக்கு. பயத்துல தொறக்கல." அவ்வளவுதான் வந்தது.

அம்மாவின் கையில் இருந்த சீருடை மூட்டை கீழே விழுந்தது. மேலே வக்கீல் கம்பிக் கதவைத் தட்டி, "என்ன கேப்டன், ஏற்றமா இறக்கமா?" என்று கத்தினார்.

"ஆறு வருஷம்," என்றார் அம்மா. "ஆறு வருஷமா உங்ககிட்டதான் சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன். நீங்க பட்டனைப் பாத்துட்டு நின்னீங்க." குனிந்து மூட்டையை எடுத்தார். "உங்களைத் திட்டறதுக்கு எனக்கு இப்ப நேரம் இல்ல. கடையைப் பூட்டிட்டு வரேன்."

அக்கா தரைத்தளத்தில் காத்திருந்தார். அம்மாவின் நரைத்த காதோரத்தைப் பார்த்து, வீட்டில் சாயம் இருக்கிறது, பத்தே நிமிடம் என்றார். அம்மா மறுத்துவிட்டார். "இருக்கட்டுங்க. உள்ளதை அவர் பாக்கட்டும்."

மூன்று பேரும் உறைந்த ஊருக்குப் போய், தையல்காரர் கடைக்குள் நின்றார்கள். மெஷின் பக்கத்தில் பாதி தைத்த வாடாமல்லி ரவிக்கை கிடந்தது. கேப்டன் சாவியை எடுத்தார்.  அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திருகியது கேப்டன்தான்.

முதலில் ஈ ஒன்று பறந்தது. பிறகு ஊரே ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. தொப்பென்று ஏதோ விழுந்தது. "எவன்டா நடுத்தெருவுல தலகாணி போட்டது?" என்று வெள்ளையடிப்பவர் கத்தினார். "அடுப்பை யாரு அணைச்சது?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல். "வெயில் எங்கய்யா போச்சு?" என்றார் குடைக்குக் கீழே இருந்த கிழவர். போலீஸ்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மெஷின் கடகடவென்று ஓடியது. தையல்காரர் குனிந்த தலை நிமிராமல், எதிரில் தெரிந்த சேலைத் தலைப்பை மட்டும் பார்த்து, "நூல் வாங்கப் போனா இவ்ளோ நேரமா?" என்றார்.

அம்மா நூல்கண்டை மெஷின் மேல் வைத்தார். அதன் காகிதம் பழுப்பேறி உதிர்ந்தது. தையல்காரர் காகிதத்தைப் பார்த்தார். அதை வைத்த கையைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார், காதோரத்து நரையைப் பார்த்தார். கால் மட்டும் பழக்கத்தில் மிதித்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

அம்மா திரும்பிக் கேப்டனைக் காட்டினார்.

தையல்காரர் கேப்டனைப் பார்த்தார். பத்து வருடமாகக் கேப்டன் பயந்துகொண்டிருந்த கண்கள். அதில் கோபம் இல்லை, இன்னும் ஒன்றும் புரியவில்லை, அவ்வளவுதான். கேப்டனின் முதுகில் அக்கா நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

"நாந்தாங்க," என்றார் கேப்டன். "நாந்தான் நிறுத்தினேன்."

மெஷின் நின்றது. இந்தத் தடவை அதைத் தையல்காரரே நிறுத்தினார்.