மாப்பிள்ளை கேட்ட ஒன்றரை

தங்கை புருஷன் கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோதே மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வீடியோ பார்த்துவிட்டு எஞ்சினுக்கே அப்பனாகிவிட்ட ஜென்மங்களில் மாப்பிள்ளைக்குத்தான் முதலிடம். டேஷ்போர்டில் புதுசாக ஒரு கறுப்புப் பெட்டி. எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலராம்.

"மச்சான், எல்லாம் நானே மாட்டிட்டேன். செட்டிங் மட்டும் பண்ணிக் குடுங்க. ஒண்ணரை பார் வெச்சிடுங்க."

மெக்கானிக் பானெட்டைத் திறந்தான். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அந்த அழுத்தத்தை 'பார்' கணக்கில் அளப்பார்கள். அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட் என்கிற சின்னக் கதவு. கன்ட்ரோலரின் வால்வு அந்தக் கதவுக்குப் போகும் ரப்பர் குழாயில் உட்கார வேண்டும். இங்கே குழாய்கள் இடம் மாறியிருந்தன. கிளிப்புக்குப் பதில் இன்சுலேஷன் டேப்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டினீங்களா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சிரித்தான். சூடு சொரணை எதுவும் அந்த உடம்பில் ஒட்டாது.

வண்டி உண்மையில் தங்கையுடையது. அவள் நர்ஸ். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. காலையிலேயே போன் பண்ணியிருந்தாள். "அண்ணா, அவர் ஆசைக்கு எதையாவது பண்ணி அனுப்பு. ஆனா எஞ்சின் போச்சுன்னா என் வேலையும் போச்சு." நான் இருக்கேன்ல என்று சொல்லியிருந்தான்.

குழாய்களை ஒழுங்காக மாட்டி, கன்ட்ரோலரின் வால்வை மட்டும் அணைத்துவிட்டு, மெயின் ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தான். வேஸ்ட்கேட் தன்பாட்டில் அரை பாரில் நிறுத்தியது. அந்த எஞ்சினுக்கு அதுதான் அளவு. ஒன்றரை போனால் பெட்ரோல் ஈடுகொடுக்காது, பிஸ்டன் உருகிவிடும். இதை உட்காரவைத்து எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஆளிடம் சொல்வதற்குச் சுவரிடம் சொல்லலாம் என்று நினைத்தான்.

பெட்டியின் மெனுவுக்குள் போய், வெளிக்காற்றுக்கு எப்போதும் இருக்கிற ஒரு பார் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும்படி மாற்றினான். திரையில் அரை, ஒன்றரையானது. வண்டியில் ஒரு துளி மாற்றமில்லை. மெனுவுக்குப் பாஸ்வேர்டும் போட்டான்.

"ஒண்ணரை வெச்சிட்டேன். ஓட்டிப் பாருங்க."

மாப்பிள்ளை மிதித்தான். "மச்சான்! முதுகு சீட்டோட ஒட்டுது!"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பி வந்து பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனிடம் சொன்னபோது, அவன் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. "எப்படிய்யா இருக்கார் உன் ஒண்ணரை மாப்பிள்ளை?"

மூன்றாவது வாரம் இழுவை வண்டி அந்தக் காரைக் கொண்டுவந்து போட்டது. யூனிபார்மோடு தங்கை இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை.

மெக்கானிக் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். முனையில் அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகியிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் பண்ணலை மச்சான். தனியா ஒரு மீட்டர் வாங்கி மாட்டினேன். அது அரை பார்தான் காட்டிச்சு. நீங்க ஒண்ணரை வெச்சீங்களே, பெட்டி கெட்டுப்போச்சு போலன்னு அதைக் கழட்டிட்டேன். வேஸ்ட்கேட்டுக்குப் போற குழாயில ஒரு திருகு வால்வைப் போட்டு, மீட்டர்ல ஒண்ணரை வர்ற வரைக்கும் திருகினேன். அதுக்கு மேல ஒரு புள்ளிகூட ஏத்தலை. நீங்க வெச்ச அளவாச்சே."

மெக்கானிக் அந்த முகத்தில் திமிரைத் தேடினான், சாக்கைத் தேடினான். கிடைத்திருந்தால் திட்ட வசதியாக இருந்திருக்கும். நம்பிக்கையைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

"அண்ணா," என்றாள் தங்கை. நாளை எப்படி டூட்டிக்குப் போவது என்ற கவலை அவளுக்கு. "நீ நிஜமாவே ஒண்ணரையா வெச்சே?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "மச்சானை ஏன் கேக்கறே? அவர் வெச்சா சரியாத்தான் இருக்கும். நான்தான் எதையோ சொதப்பியிருக்கேன்."

இருவரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். ஊரிலிருக்கிற முட்டாள்களையெல்லாம் முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்கிற அந்த மகாமேதை, மாப்பிள்ளை சொன்னதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினான்.